மூன்று மாப்பிள்ளை ஒரு மண்டபம்: அறுபத்து நாலாவது தடவை

ஜூன் 2, ஞாயிறு

பி.பி. 130/80. நாடித்துடிப்பு 76. காலை மாத்திரை நாலு, மதியம் ஒன்று, ராத்திரி மூன்று. நடை, வாசல் கேட் வரை மூன்று தடவை.

இவ்வளவுதான் எழுத வேண்டுமாம். மகன் குமரகுரு ஓசூருக்கு பஸ் ஏறுவதற்கு முன் இந்த டைரியைக் கையில் கொடுத்து, நம்பர் மட்டும் எழுது, கதை எழுதாதே, ஆறு வாரம் கழித்து டாக்டரிடம் காட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனான். பெயின்ட் கடையில் கொடுத்த டைரி. ஒரு நாளைக்கு ஒரு முழுப் பக்கம். நாலு நம்பரை எழுதிவிட்டு மீதிப் பக்கத்தைச் சும்மா விட எனக்கு மனசு வரவில்லை. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்து நாலு வருஷம் ஊரார் பேச்சுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவளைப் பார்த்துக் கதை எழுதாதே என்றால் எப்படி? டாக்டருக்கு விருப்பம் இருந்தால் படிக்கட்டும்.

என் பெயர் ஆவுடையம்மாள், வயது அறுபத்தாறு, ஊர் பாளையங்கோட்டை. எடையை எழுத மாட்டேன், நோயாளி நான் இல்லை. நோயாளி என் வீட்டுக்காரர் சங்கரலிங்கம், சர்வேயராக இருந்து ரிட்டயர் ஆனவர். பதினெட்டு நாளுக்கு முன் பைபாஸ் ஆபரேஷன் நடந்தது. தாலுகா முழுக்கச் சங்கிலி பிடித்து அளந்த மனுஷர், இப்போது கட்டிலுக்கும் பாத்ரூமுக்கும் நடுவே அளந்துகொண்டிருக்கிறார்.

குமரகுரு எங்கள் இரண்டு பேரையும் ஓசூருக்குக் கூட்டிப்போகத்தான் வந்தான். ஆறாவது மாடி வீடு. ஜன்னலைத் திறந்தால் இன்னொரு ஆறாவது மாடி தெரியும். மாட்டேன் என்றேன். அப்படியானால் வீட்டோடு ஒரு நர்ஸ் என்றான். அதற்கும் மாட்டேன் என்றேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டான். அப்பா ஒரு குரல் கொடுத்தால் அடுத்த நிமிஷம் நான் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒரே ஒரு தடவை தவறினாலும் வீட்டைப் பூட்டி எங்களை அள்ளிக்கொண்டு போய்விடுவான். கூப்பிட்டால் போய் நிற்பது ஒரு பெரிய காரியமா? நான் ஆபரேட்டர். கூப்பிட்டவர்களுக்குப் பதில் சொல்லியே பென்ஷன் வாங்குகிறவள்.

மதியம் மூன்று மணிக்கு வழக்கம்போல ‘மூன்று மாப்பிள்ளை ஒரு மண்டபம்’. ஒரு வருஷமாக எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அந்தப் படம்தான். ஒரு கல்யாண மண்டப மேனேஜர் ஒரே முகூர்த்தத்துக்கு மூன்று கல்யாணத்தைப் பதிந்துவிடுவார், அவ்வளவுதான் கதை. 1986-ல் கல்யாணமான புதிதில் ஜங்ஷன் தியேட்டரில் பார்த்தோம். இன்றைக்கு அறுபத்து ஒன்றாவது தடவை. மேனேஜர் மூன்று மாப்பிள்ளைகளையும் பார்த்து, “தாலி ஒண்ணுதான் இருக்கு, வரிசையில வாங்க” என்பார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தேன். அரசாங்க உத்தியோகம் பார்த்தவள் இதற்குப் போய் இப்படிச் சிரிக்கலாமா என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. வீட்டுக்காரரும் சிரித்தார். நெஞ்சில் தையல் இருப்பதால் தலையணையை இறுக்கி அணைத்துக்கொண்டு சிரித்தார்.

ஜூன் 5, புதன்

பி.பி. 128/80. பருப்பு கருகிவிட்டது. குக்கர் விசில் அடிப்பதை நிறுத்திவிட்டது. உப்பில்லாத பருப்பே ஒரு தண்டனை, அதிலும் கருகல். வீட்டுக்காரர் கட்டிலிலிருந்து ஏதோ சொன்னார். ஆபரேஷனுக்கு அப்புறம் வாய்க்குள்ளேயேதான் பேசுகிறார். நெஞ்சைத் திறந்தவர்கள் குரலையும் கொஞ்சம் பிடித்துத் தைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

பி.பி. 126/80. கேஸ்கட் மாற்றினேன், வெயிட்டை மாற்றினேன். விசில் இல்லை. பால்காரரும் இப்போதெல்லாம் பெல் அடிக்காமல் பாக்கெட்டை வைத்துவிட்டுப் போகிறார். வெயிலில் பால் திரிந்துபோகிறது. யாருக்குமே செய்கிற வேலையில் அக்கறை கிடையாது.

ஜூன் 9, ஞாயிறு

பி.பி. 130/82. நடை, தெருமுனை வரை. அறுபத்து இரண்டாவது தடவை.

நேற்று பக்கத்து வீட்டு ஜெயசீலி டீச்சர் ஒரு புதுப் படத்தைப் பற்றி ஓகோவென்று சொன்னாள் என்று போட்டுப் பார்த்தேன். இருபது நிமிஷத்தில் நிறுத்திவிட்டேன். வாயில் வெற்றிலையை அடக்கிக்கொண்டு பேசுவதற்குத்தான் இந்தக் காலத்து நடிகர்களுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். எங்கள் மண்டப மேனேஜர் பேசினால் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக வந்து விழும். சமையல்காரர் பாயச அண்டாவைத் தூக்கிக்கொண்டு, “பாயசத்துக்கு எந்த மாப்பிள்ளைன்னு தெரியவா போகுது?” என்று கேட்கிற கேள்வி தெருமுனை வரை கேட்கும். டீச்சரும் அதைத்தான் சொன்னாள், கொஞ்சம் முகத்தைச் சுளித்துக்கொண்டு. உங்கள் வீட்டு டி.வி. தெருமுனை வரை கேட்கிறது அக்கா என்று.

ஜூன் 12, புதன்

பி.பி. 124/80. குமரகுரு அப்பாவுக்குத்தான் போன் செய்கிறான். என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, சரி, மெசேஜ் அனுப்புகிறேன் என்று வைத்துவிடுகிறான். பெற்றவளுக்கு மெசேஜ். இருமலை வைத்தே எந்தக் கடை முதலாளி லைனில் இருக்கிறார் என்று சொன்னவள் நான். என் மகனுக்கு என்னோடு போனில் பேசப் பொறுமை இல்லை.

ஜூன் 16, ஞாயிறு

பி.பி. எடுக்கவில்லை.

ஜூன் 17, திங்கள்

பி.பி. 138/86. நேற்று எழுதக் கை வரவில்லை. நடந்ததை உள்ளபடி எழுதிவிடுகிறேன்.

படம் ஓடிக்கொண்டிருந்தது. வீட்டுக்காரர் பாதியில் எழுந்து பாத்ரூமுக்குப் போனார். நான் கூட வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்று கையைக் காட்டினார். அதனால் உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து ஜெயசீலி டீச்சர் திடீரென்று என் முன்னால் வந்து நிற்கிறாள். கேட் பூட்டியிருந்ததால் காம்பவுண்டுச் சுவர் ஏறிக் குதித்து, பின்கதவு வழியாக வந்திருக்கிறாள். ஐம்பத்தைந்து வயதில், புடவையோடு. என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“ஆவுடையக்கா, அண்ணாச்சி பாத்ரூம்ல விழுந்து கெடக்காவ.”

போய்ப் பார்த்தால் தரையில் சுவரோடு சாய்ந்து கிடக்கிறார். நெஞ்சைத் தலையணையைப் பிடிப்பது மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். டீச்சரின் வீட்டுக்காரர் காரில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். தையலுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கையில் சிராய்ப்பு.

பாத்ரூம் கதவு பழைய தேக்கு, கனமானது. டி.வி. வேறு ஓடிக்கொண்டிருந்தது. யாராக இருந்தாலும் கேட்டிருக்காது. டீச்சருக்குக் கேட்டது என்றால், பாத்ரூம் ஜன்னல் அவள் வீட்டுப் பக்கம் இருக்கிறது. அவ்வளவுதான் விஷயம்.

சாயங்காலம் குமரகுரு போன் செய்தான். வீட்டுக்காரர் அவனிடம் நன்றாக இருக்கிறேன் என்று மட்டும் சொன்னார். போனை வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜூன் 19, புதன்

பி.பி. 130/82. ஜெயசீலி டீச்சர் மீன் குழம்பு கொண்டுவந்தாள். உப்புப் போட்டது, அவருக்கு ஆகாது என்று திருப்பிக் கொடுத்தேன். காது டாக்டர் ஒருவரைத் தனக்குத் தெரியும் என்று ஆரம்பித்தாள். நல்லது, நீ போய்க் காட்டு என்று சொன்னேன். சுவர் ஏறிக் குதித்தவளிடம் இப்படிப் பேசியிருக்கக் கூடாது. ஆனாலும் பேசிவிட்டேன்.

ஜூன் 23, ஞாயிறு

பி.பி. 126/80. அறுபத்து நாலாவது தடவை.

போன வாரம் நடந்ததற்குப் பிறகு இன்று அந்தப் படத்தைப் போடத் தயக்கமாகத்தான் இருந்தது. வீட்டுக்காரர்தான் ரிமோட்டை எடுத்துப் போட்டார். முதல் பத்து நிமிஷம் மனசு ஒட்டவில்லை. அப்புறம் தாலி வசனம் வந்தது, பாயசம் வந்தது, எல்லாவற்றையும் மறந்துவிட்டேன். வெட்கங்கெட்ட சிரிப்பு. இன்று அவர் டி.வி.யைப் பார்க்கவே இல்லை. முழுப் படமும் என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எழுபதை நெருங்குகிற வயதில் இந்த மனுஷருக்கு என்ன வந்தது என்று நினைத்தேன். கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது, அதை ஏன் மறைக்க வேண்டும்? முகத்துக்குப் பவுடர் போட்டிருக்கலாம்.

ஜூன் 25, செவ்வாய்

இது சங்கரலிங்கம் எழுதுவது. ஆவுடை மார்க்கெட்டுக்குப் போயிருக்கிறாள். டாக்டருக்குக் காட்ட நம்பர் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எடுத்தேன். முழுவதும் படித்துவிட்டேன். தப்புதான்.

குக்கர் நன்றாக விசில் அடிக்கிறது. 5-ஆம் தேதி ஒன்பது விசில். எண்ணிக்கொண்டு கத்தினேன். பால்காரர் தினமும் மூன்று தடவை பெல் அடிக்கிறார்.

16-ஆம் தேதி நான் விழுந்தபின் இருபத்தைந்து நிமிஷம் உன்னைக் கூப்பிட்டேன். வாளியைத் தட்டினேன். நீ சிரிக்கும் சத்தம் கேட்டது. பாயச சீன் என்று தெரிந்தது. படம் முடிய இன்னும் நாற்பது நிமிஷம் என்று கணக்குப் போட்டேன். அதுவரை நெஞ்சு தாங்குமா என்றும் கணக்குப் போட்டேன்.

கதவைக் குறை சொல்லியிருக்கிறாய், அன்றைக்கே என்னிடமும் அதைத்தான் சொன்னாய். அதனால் 23-ஆம் தேதி ஒரு காரியம் செய்தேன். படம் ஆரம்பித்துப் பத்தாவது நிமிஷம் டி.வி. சத்தத்தை முழுவதுமாக நிறுத்தினேன். கடைசி வரை திரும்ப வைக்கவில்லை. நீ எல்லா இடத்திலும் சரியாகச் சிரித்தாய். ஓர் இடம்கூடத் தவறவில்லை.

எனக்கு மூன்று வருஷமாகத் தெரியும். இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை, என் காதைப் பற்றி எனக்கே சொல்கிறீர்களா என்று ஒரு வாரம் பேசவில்லை. இரண்டாவது தடவை நான் சொன்னதே உனக்குக் கேட்கவில்லை.

இன்னொன்று. அந்தப் படம் எனக்குப் பிடிக்காது. 1986-லும் பிடிக்கவில்லை. வேறு எந்தப் படம் போட்டாலும் நீ சிரிக்கிறவர்களைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் தாமதமாகச் சிரிப்பாய். இதில் மட்டும்தான் நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சிரிக்க முடிகிறது. அதற்காகத்தான் போடுகிறேன்.

குமரகுருவிடம் சொல்ல மாட்டேன். ஆனால் அடுத்த தடவை டீச்சர் ஊரில் இல்லாமல் போகலாம்.

பி.பி. 124/80.

ஜூன் 26, புதன்

என் டைரியில் யார் எழுதச் சொன்னது?

ஜூன் 27, வியாழன்

பி.பி. அவரே எழுதிக்கொள்ளட்டும். படம் பிடிக்காதாம். முப்பத்தெட்டு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பொய்ச் சிரிப்புச் சிரித்திருக்கிறார், தையலைப் பிடித்துக்கொண்டு வேறு.

ஜூன் 28, வெள்ளி

பி.பி. 128/80. அவர் தூங்கும்போது குக்கரில் அரிசி வைத்து அடுப்புக்கு முன்னாலேயே நின்றேன். வெயிட் ஆடியது. ஆவி பீறிக்கொண்டு பறந்தது. முகத்தில் சூடு அடித்தது. பக்கத்துத் தெருவில் யாரோ உஸ் என்று சொல்வது மாதிரி மெலிதாக ஒன்று கேட்டது. நாலு தடவை அப்படி. அடுப்பை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருந்தது.

இந்த டைரியை முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன். பால்காரர், குக்கர், மகன், நடிகர்கள், தேக்குக் கதவு என்று ஒருத்தர் விடாமல் குற்றம் சொல்லியிருக்கிறேன். இதை எழுதியவளைப் போன்ற ஒரு முட்டாளை நான் எக்ஸ்சேஞ்சில்கூடப் பார்த்ததில்லை, அங்கே நிறையப் பேர் இருந்தார்கள்.

கொஞ்ச நாளாகவே எனக்கும் சந்தேகம் இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன். மற்றவர்களுக்கு முகம், நிறம், பாட்டு, படிப்பு என்று ஏதேதோ இருக்கும். எனக்கு இருந்தது காது ஒன்றுதான். அதையும் விட்டுக்கொடுக்க மனசு வரவில்லை. அதற்காக அந்த மனுஷரை இருபத்தைந்து நிமிஷம் ஈரத்தரையில் போட்டுவிட்டேன்.

ஜூலை 1, திங்கள்

ஜெயசீலி டீச்சரிடம் போய், அந்த டாக்டர் பெயரைக் கேட்டேன். திமிராகப் பேசியதற்கு மன்னிப்பும் கேட்டேன். அவள் உடனே ஆட்டோ பிடித்துக் கூடவே வந்தாள்.

பரிசோதனை செய்தது நஸ்ரின் என்ற சின்னப் பெண். கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்காரவைத்து, தலையில் ஹெட்போனை மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தாள். சத்தம் கேட்கும்போதெல்லாம் அழுத்த வேண்டும். ஹெட்போன் தலையில் உட்கார்ந்ததும் என் முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. எத்தனை வருஷ சர்வீஸ்! இந்தப் பெண்ணுக்கு நான் யார் என்று காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, நிதானமாக, இடைவெளி விட்டு, டக் டக் என்று அழுத்தினேன். பத்துப் பன்னிரண்டு அழுத்து அழுத்தியிருப்பேன். நஸ்ரின் கதவைத் திறந்து உள்ளே வந்து என் கையை மெதுவாகப் பிடித்தாள். என் முகத்துக்கு நேராகக் குனிந்து சொன்னாள்.

“அம்மா, நான் இன்னும் சத்தமே அனுப்பலை.”

டீச்சர் வெளியே வந்து சிரித்தாள். ஆட்டோவில் நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இரண்டு காதுக்கும் மெஷின் வேண்டுமாம். சனிக்கிழமை கிடைக்கும்.

ஜூலை 3, புதன்

பி.பி. 126/78. குமரகுருவுக்கு நானே போன் செய்தேன். ஸ்பீக்கரில் போட்டேன். வீட்டுக்காரர் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டினார். நான் நிறுத்தவில்லை.

“உங்கப்பா போன மாசம் பாத்ரூம்ல விழுந்துட்டாவ, எனக்குக் கேக்கலை. அரை மணி நேரமா கூப்பிட்டிருக்காவ. நான் சினிமா பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருந்தேன்.”

வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ் ஏறுகிறேன் என்று மட்டும் அவன் சொன்னான். எதற்கு என்று எனக்குத் தெரியும். பெட்டியை அலமாரி மேலிருந்து இறக்கித் துடைத்துவைத்தேன். ஆறாவது மாடி என்றால் ஆறாவது மாடி. சத்தியம் தவறியவள் நான்தான்.

ஜூலை 6, சனி

குமரகுரு காலையில் வந்தான். அவனே என்னைக் கூட்டிக்கொண்டு போய் மெஷினை வாங்கிக் கொடுத்தான். காதில் மாட்டியதிலிருந்து ஒரே இரைச்சல். செருப்பு சத்தம், பேப்பர் மடிக்கிற சத்தம், ஃபேன் சத்தம். இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மற்றவர்கள் எப்படிப் பைத்தியம் பிடிக்காமல் இருக்கிறார்கள்? மதியம் முறுக்கு தின்றேன், கல் உடைப்பது மாதிரி இருந்தது. நான் இவ்வளவு சத்தமாகச் சாப்பிடுகிறவள் என்று இத்தனை வருஷத்தில் ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்லியிருப்பார்கள்.

ஓசூர் பேச்சை அவன் எடுக்கவில்லை. ஒரு வாரம் லீவு போட்டிருக்கிறேன், பார்க்கிறேன் என்றான். யாரைப் பார்ப்பான் என்று எனக்குத் தெரியாதா?

ஜூலை 7, ஞாயிறு

பி.பி. 124/80. அறுபத்து ஐந்தாவது தடவை. மெஷினோடு முதல் தடவை. மூன்று பேரும் உட்கார்ந்தோம்.

எப்படி எழுதுவேன்? படம் சகிக்கவில்லை. ஒவ்வொரு வசனத்துக்கும் பின்னால் யாரோ தகரத்தைத் தட்டுகிறார்கள். மேனேஜர் கத்துகிறார். தாலி வசனத்தை அவர் ஒரே மூச்சில் கொட்டிவிட்டுப் போகிறார். நான் நினைத்துவைத்திருந்த மாதிரி ஒவ்வொரு மாப்பிள்ளையாகப் பார்த்து, நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு சொல்லவே இல்லை. அந்த நிறுத்தமெல்லாம் நான் போட்டது. என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்த படம் இதைவிட எவ்வளவோ நன்றாக இருந்தது.

என் முகம் போன போக்கைப் பார்த்து வீட்டுக்காரர் சிரிக்க ஆரம்பித்தார். தலையணையைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். இதுதான் அவருடைய உண்மையான சிரிப்பு என்று இப்போதுதான் தெரிகிறது, குறட்டையில் பாதி இருக்கிறது. அரை மணி நேரத்தில் நானே ரிமோட்டை வாங்கி நிறுத்தினேன்.

ஜூலை 12, வெள்ளி

டாக்டர் டைரியை வாங்கிப் புரட்டினார். நம்பரைத் தேடிக்கொண்டே போனவர் ஓர் இடத்தில் நின்று வெகுநேரம் படித்தார். அப்புறம் என் காதைப் பார்த்தார். புண் ஆறிவிட்டது, தனியாகக் குளிக்கலாம், மாடி ஏறலாம் என்றார். டைரியைத் திருப்பிக் கொடுக்கும்போது, இனிமேல் எழுத வேண்டியதில்லை என்றும் சொன்னார். அது அவர் அபிப்பிராயம்.

வீட்டுக்கு வந்ததும் குமரகுரு ஆள் வைத்து பாத்ரூம் சுவரில் கைப்பிடிக் கம்பி போடச் சொன்னான். அது எதற்கு, ஊருக்குப் போகிறோமே என்றேன். அவன், நான் இறக்கிவைத்த பெட்டியைத் தூக்கி மறுபடி அலமாரி மேல் வைத்தான்.

“எம்மா, ஒரு மாசம் பாப்போம். மெஷினைக் கழட்டினேன்னு தெரிஞ்சா மறுநாள் வந்திருவேன்.”

ஜூலை 14, ஞாயிறு

பி.பி. 122/78. குமரகுரு விடிகாலை பஸ்ஸில் போய்விட்டான். வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். இன்று படம் போடவில்லை.

காலை ஏழு மணிக்கு நான் காபி கலந்துகொண்டிருந்தபோது பாத்ரூமுக்குள்ளிருந்து, “ஆவுடை” என்று கூப்பிட்டார். சத்தம் போட்டுக்கூட இல்லை. டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன். கதவைத் தள்ளினால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

“என்ன செய்யுது?”

“ஒண்ணும் செய்யலை. சும்மாதான் கூப்பிட்டேன்.”

திட்டிவிட்டு வந்தேன். அடுத்து மாடிப்படியிலிருந்து கூப்பிட்டார். அதற்கடுத்து கேட்டிலிருந்து. கட்டிலிலிருந்து இரண்டு தடவை, மறுபடி பாத்ரூமிலிருந்து, கொல்லையில் துணி காயப்போடுகிற இடத்திலிருந்து. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குரலைக் குறைத்து, கொஞ்சம் தூரம் கூட்டி. சர்வேயர் புத்தி போகுமா? சாயங்காலத்துக்குள் பதினோரு தடவை. ஒன்றுக்கும் காரணம் கிடையாது. பதினோரு தடவையும் போய் நின்றேன். மூன்று வருஷமாக இப்படி எத்தனை தடவை கூப்பிட்டாரோ என்று நினைத்து, ஏழாவது தடவை அவர் எதிரிலேயே அழுதுவிட்டேன்.

பன்னிரண்டாவது தடவை ஹாலிலிருந்து கூப்பிட்டார். அடுப்பில் இட்லி இருந்தது, முழங்கால் விண் விண் என்று தெறித்தது. இருந்த இடத்திலிருந்தே, “காது கேக்கலை” என்று சொன்னேன்.